கோலாலம்பூரிலிருந்து கடலடிக்கு: முதல் ஸ்கூபா சான்றிதழைப் பெறும் வழி

கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஓபன் வாட்டர் டைவர் சான்றிதழைப் பெற விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. விடுப்பு எடுத்துக்கொண்டு தியோமான் தீவுக்கோ பெர்ஹெந்தியான் தீவுக்கோ போய், பாடம், ஆழமற்ற நீரில் பயிற்சி, கடல் முக்குளிப்பு அனைத்தையும் மூன்று அல்லது நான்கு நாள்களில் அங்கேயே முடிப்பது ஒரு வழி. பாடத்தை வீட்டிலும் நீச்சல்குளப் பயிற்சியை நகரத்திலும் வார இறுதிகளில் முடித்துக்கொண்டு, கடலில் செய்யவேண்டிய நான்கு முக்குளிப்புகளுக்கு மட்டும் தீவுக்குப் போவது மற்றொரு வழி. தண்ணீரில் விளையாடியே வளர்ந்தவர்களுக்கு எந்த வழியும் சரிதான். நம் வீடுகளில் பெரும்பாலோரைப்போல ஆற்றையும் கடலையும் கண்டு எச்சரிக்கப்பட்டே வளர்ந்தவர்களுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கிற்குள் தண்ணீர் புகும்போது பதறாமல் இருக்க ஒருவருக்கு அரை மணி நேரம் போதும், இன்னொருவருக்கு மூன்று மாலைகள் வேண்டியிருக்கும். தீவில் படகு நமக்காகக் காத்திருக்காது. நகரத்துக் குளத்திற்கு அடுத்த சனிக்கிழமையும் போகலாம்.

சான்றிதழ் என்பது இங்கே எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் நீங்கள் அதிகம் கேள்விப்படும் பயிற்சி அமைப்புகள் இரண்டு: எல்லாரும் ‘பாடி’ என்று அழைக்கும் பி.ஏ.டி.ஐ. 1966-இல் தொடங்கப்பட்டது, எஸ்.எஸ்.ஐ. 1970-இல் தொடங்கப்பட்டது. இரண்டின் ஓபன் வாட்டர் சான்றிதழும், ஓர் இணையுடன் சேர்ந்து 18 மீட்டர் ஆழம்வரை பயிற்றுநர் இல்லாமலே முக்குளிக்க உங்களுக்குத் தகுதி உண்டு என்பதைத்தான் சொல்கின்றன. உலகெங்கும் உள்ள முக்குளிப்பு நிலையங்கள் இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே எந்த அமைப்பு என்று நண்பர்களோடு வாதிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்பதைக் கேளுங்கள். கடலில் ஒருவருக்கு எட்டுப் பேர்வரை பாடி அனுமதிக்கிறது. ஆனால் நான்கு பேருக்கு மேல் இருக்கும் வகுப்பில் நான் என் தங்கையைச் சேர்க்க மாட்டேன். குழந்தைகளை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு: பத்து வயதிலிருந்து ஜூனியர் சான்றிதழ் பெறலாம், 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஆழ வரம்பு 12 மீட்டர்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது

தீபகற்பத்தின் நல்ல முக்குளிப்புத் தீவுகளான தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாம் கிழக்குக் கரையில் தென்சீனக் கடலில் உள்ளன. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அந்தக் கடலைக் கலக்கிவிடும். தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை மூடப்படும், படகுச் சேவையும் குறைந்துவிடும். தீபாவளி விடுமுறையோடு சேர்த்துப் போய்விடலாம் என்று திட்டமிடும் நம்மவர்கள் ஆண்டுதோறும் ஏமாறுவது இதனால்தான். தைப்பூசத்தை ஒட்டிய விடுமுறைக்கும் இதே நிலைதான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை உள்ள மாதங்களில், பள்ளி விடுமுறையும் நோன்புப் பெருநாள் கூட்டமும் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து பின்னோக்கி இரண்டு மாதம் எண்ணி நீச்சல்குள வகுப்பைத் தொடங்குவது நல்லது.

பினாங்குக் கடலிலேயே முடித்துவிட முடியாதா என்று ஜார்ஜ் டவுனில் இருக்கும் உறவினர்கள் கேட்பதுண்டு. மலாக்கா நீரிணையின் நீர் சேறு கலந்தது. கையை நீட்டினால் விரல் தெரியாத நாள்களும் உண்டு. பினாங்கில் இருப்பவர்களும் குளப் பயிற்சியை அங்கே முடித்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு வருவதே சரி.

பணம் கட்டுமுன் மருத்துவப் படிவம்

கட்டணம் எந்த வழியிலும் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். பாடத்திட்டம், உபகரண வாடகை, சான்றிதழ்க் கட்டணம், படகு, கடல் பூங்காக் கட்டணம், தங்குமிடம் ஆகியவற்றில் எவை அந்தத் தொகைக்குள் அடங்குகின்றன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவாகத் தெரியும் கட்டணம் பெரும்பாலும் இவற்றில் இரண்டை விட்டுவிட்டுச் சொல்லப்பட்டதாக இருக்கும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னரே மருத்துவக் கேள்விப் படிவத்தை வாங்கிப் படித்துவிட வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நீரிழிவு, காது அல்லது சைனஸ் அறுவைச் சிகிச்சை, தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள் எனப் பல கேள்விகள் அதில் இருக்கும். 45 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் பற்றித் தனியாகவும் கேட்கப்படும். பதிலைப் பொறுத்து மருத்துவரின் கையெழுத்து தேவைப்படலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். ‘இல்லை’ என்று எல்லாக் கட்டங்களிலும் கோடு இழுத்துவிட்டுப் போகும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மருத்துவரிடம் போய்க் கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். தீவுக்குப் போன பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் அங்கே கையெழுத்துப் போட ஆள் கிடைக்க மாட்டார்.

பாடம்

இணையவழிப் பாடத்தைக் கைப்பேசியிலேயே படித்துவிடலாம்; வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒன்றிரண்டு வாரங்களில் முடிந்துவிடும். பாடியின் இறுதித் தேர்வில் 50 கேள்விகள், தேர்ச்சிக்கு 75 விழுக்காடு. தேர்வு கடினமன்று. இருந்தாலும், அழுத்தத்தைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் விதிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அழுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் காற்றின் அழுத்தம் ஒரு மடங்கு. 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்காகிறது, ஆகவே டம்ளருக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். இதைத் திருப்பிப் பாருங்கள்: 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று வரும் வழியிலேயே இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரலில் அதற்கு இடமில்லை. ‘ஒருபோதும் மூச்சை அடக்காதே’ என்பது ஸ்கூபாவின் முதல் விதியாக இருப்பது இதனால்தான். மேலும், அழுத்தத்தின் பெரிய மாற்றம் முதல் 10 மீட்டருக்குள்ளேயே நடந்துவிடுவதைக் கவனியுங்கள். ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

நீச்சல்குளம்

நீச்சலில் கெட்டிக்காரராக இருக்கத் தேவையில்லை, ஆனால் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். இருநூறு மீட்டர் தூரத்தை எந்த முறையிலும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல், நிற்காமல் நீந்த வேண்டும். மாஸ்க், கால் துடுப்பு, ஸ்னார்க்கல் என்னும் மூச்சு விடும் குழாய் அணிந்தால் 300 மீட்டர். அதன்பின் பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். இது முடியாதவர்கள் முதலில் இரண்டு மாதம் நீச்சல் கற்றுக்கொண்டு வருவதுதான் முறை. நகரத்தில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை.

குளத்தில் கற்றுக்கொடுக்கப்படும் பயிற்சிகளில், சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைக் கழற்றி மீண்டும் வாயில் வைப்பது, இணையின் மாற்று ரெகுலேட்டரிலிருந்து மூச்சு எடுப்பது, பிசிடி என்னும் காற்றுச் சட்டையில் காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்வது ஆகியவை பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளிலேயே பிடிபட்டுவிடும். எல்லாரையும் திணறவைப்பது மாஸ்க்தான். மாஸ்க்கை நீரால் நிரப்பிவிட்டு, நெற்றிப்பக்க விளிம்பை விரல்களால் அழுத்தி, சற்றே மேல்நோக்கிப் பார்த்து, மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். வெளியேறும் காற்று தண்ணீரைக் கீழ் விளிம்பு வழியாகத் தள்ளிவிடும். எழுதும்போது ஒரே வாக்கியம். நீருக்குள்ளோ, மூக்கில் தண்ணீர் பட்ட கணத்தில் மூளை மூச்சை மூக்கு வழியாக உள்ளே இழுக்கச் சொல்கிறது, இழுத்தால் புரையேறும், புரையேறினால் எழுந்து மேலே ஓடத் தோன்றும். குளத்தின் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் எழுந்து நின்றுவிடலாம், கடலில் நிற்கத் தரையில்லை.

இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி உண்டு. குளியலறையில் ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, ஸ்னார்க்கலை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு, மாஸ்க் இல்லாமல் முகத்தை நீருக்குள் வைத்து, வாய் வழியாக மட்டும் மூச்சு விடுங்கள். வீட்டில் ஒருவர் அருகில் இருக்கட்டும். முதல் நாள் பத்து விநாடி தாங்காது. ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம் அப்படியே இருக்க முடிந்தால், குளத்தில் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லும்போது உங்கள் கை நடுங்காது. வீட்டிலிருப்பவர்கள் சிரிப்பார்கள், அதற்கு மருந்து கிடையாது.

ஆண்களுக்கு இன்னொரு செய்தி. மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு மேலுதட்டின்மீது படிய வேண்டும். அடர்ந்த மீசை அதைப் படியவிடாது, நீர் கசிந்துகொண்டே இருக்கும். மீசையை முழுவதும் எடுக்க மனம் வராதவர்கள், மூக்குக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கோட்டளவு மட்டும் மழித்துக்கொண்டால் போதும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் நெற்றியில் விழும் முடியை முழுமையாகப் பின்னுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு முடி விளிம்பில் சிக்கினாலும் அதே கசிவுதான். கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள மாஸ்க்கைக் கேட்டு வாங்கலாம்.

குளப் பயிற்சி முடிந்ததும், இதுவரை எவற்றை முடித்தீர்கள் என்பதைப் பயிற்றுநர் ஒரு ரெஃபரல் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். பாடி முறையில் இது 12 மாதம் செல்லும். அதே அமைப்பைச் சேர்ந்த எந்தத் தீவு நிலையத்திலும் இதைக் காட்டிக் கடல் பகுதியை முடிக்கலாம். என்றாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தீவுக்குப் பயணம்

புதியவர்களுக்குத் தியோமானையோ பெர்ஹெந்தியானையோ சொல்லலாம். தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது, ஆனால் படகு பெரும்பாலும் ஜொகூரின் மெர்சிங்கிலிருந்து புறப்படும். மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது என்பதால் படகின் நேரம் அன்றன்றைய ஏற்றவற்றத்தைப் பொறுத்து மாறும். பேருந்துச் சீட்டை வாங்கும் முன் படகின் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெர்ஹெந்தியானுக்குத் திரெங்கானுவின் கோலா பெசுட் படகுத்துறையிலிருந்து போக வேண்டும். கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து முனையத்தில் இரவுப் பேருந்து ஏறினால் காலையில் அங்கே இருக்கலாம். இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்து வந்த அன்றே கடலில் இறங்கத் திட்டமிடாதீர்கள். சைவ உணவு மட்டும் உண்பவர்கள் ஏதாவது கையோடு கொண்டுபோவது நல்லது. படகுக்கு முன் சம்பல் நிறைய நாசி லெமாக் சாப்பிட்டவர்கள் அதைப் பிறகு மீன்களுக்குப் பரிமாறியதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். ரொட்டித் துண்டும் வாழைப்பழமும் போதும்.

கடலில் நான்கு முறை

ஒரு நாளில் மூன்று பயிற்சி முக்குளிப்புகளுக்கு மேல் அனுமதி இல்லை என்பதால், நான்கிற்குக் குறைந்தது இரண்டு நாள்கள் வேண்டும். முதல் இரண்டும் 12 மீட்டருக்குள், பின்னிரண்டும் 18 மீட்டருக்குள். நீரின் வெப்பம் 28 முதல் 30 பாகை என்பதால் மெல்லிய உடையே போதும். மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடை குளத்தைவிடக் கடலில் கூடுதலாகத் தேவைப்படும். காற்றில்லாத பிசிடியுடன், சாதாரண மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு மிதக்கும்போது கண் மட்டத்தில் நீர் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். அதுவே சரியான எடை.

இறங்கும்போது காதுதான் முதலாளி. காதின் உட்புறக் காற்று சுருங்குவதால் செவிப்பறை உள்நோக்கி அழுந்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து ‘டப்’ என்று சரியாகும். வலி வந்த பிறகு இதைச் செய்வது தாமதம். தலை நீருக்குள் போகும் முன் ஒரு முறையும், பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முறையும், கால் கீழாக இறங்கியபடி செய்ய வேண்டும். சரியாகவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மீண்டும் முயல வேண்டும். வலுக்கட்டாயமாக ஊதக் கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முறை வந்தபோது எனக்குச் சளி. விடுப்பு வீணாகிவிடுமே என்று மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பயிற்றுநரிடம் ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன். முதல் இரண்டு முக்குளிப்புகளும் ஒருவாறு முடிந்தன. மறுநாள் மூன்றாவதில் 4 மீட்டரில் இடக்காது அடைத்தது. குழு கீழே போகிறதே என்ற வெட்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு மீட்டர் இறங்கினேன். காதுக்குள் ஊசி குத்தியது போன்ற வலி. பயிற்றுநர் என் முகத்தைப் பார்த்தே மேலே அழைத்துவந்தார். அந்த முறை இரண்டு முக்குளிப்புகளோடு ஊர் திரும்பி, ஒரு வாரம் அரைக் காதோடு அலுவலகம் போய், மருத்துவர் சரி என்ற பிறகு ஆறு வாரம் கழித்து மீதி இரண்டையும் முடித்தேன். அப்போது கையிலிருந்த படிவம் செல்லுபடியாக இருந்ததால் குளத்திற்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. சளி இருந்தால் தேதியை மாற்றுங்கள்.

சைகைகளில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பயிற்றுநர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து ‘நலமா’ என்று கேட்பார். நாம் வழக்கம்போல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் ‘சரி’ என்போம். அவருக்கு அது ‘இல்லை’ என்று தெரியும். அதே வட்டத்தைக் கையால் திருப்பிக் காட்டுவதுதான் பதில். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் நீருக்குள் ‘மேலே போகலாம்’ என்று பொருள்; உற்சாகத்தில் அதைக் காட்டிய ஒருவரைப் பயிற்றுநர் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார். காது சரியில்லை என்றால் கையை விரித்து இருபுறமும் ஆட்டிக் காட்டிவிட்டுக் காதைச் சுட்ட வேண்டும்.

சிலிண்டரில் ஏறக்குறைய 200 பாரில் தொடங்குவீர்கள் (பார் என்பது காற்றழுத்தத்தின் அலகு). அழுத்தமானியை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை பாருங்கள். 100-ஐத் தொட்டதும் பயிற்றுநரிடம் காட்டுங்கள். 50 பார் மிச்சமிருக்கும்போது மேற்பரப்பில் இருக்க வேண்டும். மேலேறும் வேகம் நிமிடத்திற்கு 9 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். புதியவர்களின் காற்று விரைவில் தீர்வது இயல்பு. கைகளை ஆட்டுவதை நிறுத்தி, மூச்சை நீட்டி விட்டால் நான்காவது முக்குளிப்பில் வேறுபாடு தெரியும்.

பவளத்தைத் தொட வேண்டாம், ஆமையைத் துரத்த வேண்டாம் என்பவற்றை எல்லாரும் சொல்வார்கள். கருந்துடுப்புச் சுறாக்களைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அவையே விலகிவிடும். விலக வேண்டியது டைட்டன் டிரிகர் என்னும் கிளாத்தி மீனிடமிருந்து. முட்டையிட்ட காலத்தில் அது தன் கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவ இடத்தைத் தனதாகக் கருதி, நுழைபவர்களைக் கடிக்க வரும். மேலே எழும்பித் தப்பிக்க நினைத்தால் அந்தக் கூம்புக்குள்ளேயே இருப்பீர்கள். கால் துடுப்பை அதன் பக்கம் நீட்டியபடி பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

திரும்பும் வழி

முக்குளிக்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், அதற்கு முன் காற்றழுத்தம் குறைந்த உயரத்திற்குப் போகக் கூடாது. பல நாள் தொடர்ந்து முக்குளித்த பிறகு, விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மலையேறுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: வரும் வழியில் கெந்திங்கிலோ கேமரன் மலையிலோ ஓர் இரவு தங்கிவிட்டுப் போகலாம் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். கிழக்குக் கரையிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் கராக் நெடுஞ்சாலையே மலைத்தொடரைக் கடந்துதான் வருகிறது. ஆகவே கடைசி முக்குளிப்பு முடிந்த அன்று தீவிலேயே தங்கி, மறுநாள் புறப்படுவது என் வழக்கம். மூட்டுவலி, மரத்துப்போதல், வழக்கத்திற்கு மாறான சோர்வு போன்றவை முக்குளிப்பிற்குப் பின் தோன்றினால் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காமல் 999-ஐ அழைத்து, முக்குளித்துவிட்டு வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். இதற்குச் சிகிச்சை தரும் மறு அழுத்த அறை லூமுட் கடற்படைத் தளத்து இராணுவ மருத்துவமனையில் உள்ளது.

படகு ஏறும் முன் குறிப்பேட்டில் நான்கு முக்குளிப்புகளின் ஆழம், நேரம், மிச்சக் காற்று ஆகியவற்றை எழுதிப் பயிற்றுநரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். மின்னட்டை சில நாள்களில் மின்னஞ்சலில் வரும். அதற்குக் காலாவதி இல்லை, ஆனால் ஓராண்டு கடலில் இறங்காதிருந்தால் ஒரு மாலை நேரப் புதுப்பிப்புப் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. எத்தனை கிலோ எடை கட்டினீர்கள், எந்த உடையோடு கட்டினீர்கள் என்பதையும் மறக்காமல் குறித்துவையுங்கள். அடுத்த தீவில் இறங்கியதும் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான்.